காணொளி இரைச்சலைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேல் பாதி தெளிந்த வானமும் கீழ்ப் பாதி புல்வெளியும் கொண்ட ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பிரதியில் வானத்தின் மீது மட்டும், இன்னொரு பிரதியில் புல்லின் மீது மட்டும், ஒரே அளவு இரைச்சலைச் சேருங்கள். பிக்சல் பிக்சலாகப் பிழையைக் கூட்டிப் பார்க்கும் பிஎஸ்என்ஆர் அளவுகோலுக்கு இரண்டும் ஒன்றே. அது தரும் டெசிபல் எண் மாறாது. பார்ப்பவருக்கோ முதல் பிரதி பாழான படம். இரண்டாவது பிரதியில், மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துத் தேடினால்தான் பிழை தென்படும்.

இந்த ஒரு சோதனையிலேயே வேலையின் சாரம் இருக்கிறது. காணொளியைச் சுருக்கும் என்கோடர், மதிப்புகளைக் குறிப்பிட்ட படிகளுக்குத் தோராயப்படுத்தும் குவாண்டைசேஷனைச் செய்துதான் பிட்டுகளை மிச்சப்படுத்துகிறது. அந்தத் தோராயமே இரைச்சல். நொடிக்கு இத்தனை பிட்டுகள் என்று கொடுக்கப்பட்ட பிட்ரேட்டுக்குள் அதன் மொத்த அளவை ஓரளவுக்கு மேல் குறைக்க இயலாது. எங்கே வைப்பது, எப்போது வைப்பது என்ற இரண்டும்தான் நம் கையில் இருக்கின்றன. ‘எங்கே’ என்பதற்கு, கண் எதைக் காணும், எதைக் காணாது என்று கணிக்கும் நல்ல மாதிரிகள் பல ஆண்டுகளாக உள்ளன. நிலைப்படத்தில் கச்சிதமாக மறைந்த இரைச்சல் காணொளி ஓடத் தொடங்கியதும் வெளியே வந்துவிடுவதுதான் வழக்கமான தோல்வி என்பதால், ‘எப்போது’ என்பதற்கு இங்கே கூடுதல் இடம் தருகிறேன்.

படி 1: பிக்சலைப் பாகையாக மாற்றுதல்

கண்ணுக்குப் பிக்சல் தெரியாது. விழித்திரையில் விழும் கோணம்தான் தெரியும். ஆகையால் எந்த மாதிரியும் திரையின் உயரத்தையும் பார்ப்பவரின் தூரத்தையும் நிர்ணயித்த பிறகே தொடங்க முடியும். 1080 வரிகள் கொண்ட படத்தை, திரையின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்திலிருந்து ஒருவர் பார்க்கிறார் என்று கொள்வோம். ஒரு பாகைக்குள் எத்தனை பிக்சல்கள் அடங்கும் என்பதை 3 × 1080 என்ற பெருக்கலை ஒரு பாகையின் டேன்ஜென்ட் மதிப்பான 0.01746 ஆல் பெருக்கி அறியலாம். விடை ஏறத்தாழ 56.6. இருளும் ஒளியும் மாறி மாறி வரும் ஒரு சுழற்சிக்குக் குறைந்தது இரண்டு பிக்சல்கள் வேண்டும் என்பதால், இந்தத் திரையில் காட்டக்கூடிய மிக நுண்ணிய கோடுகள் கிடைமட்டமாகவோ செங்குத்தாகவோ பாகைக்கு 28 சுழற்சிகள். 2160 வரிகள் கொண்ட படத்தை ஒன்றரை மடங்கு தூரத்திலிருந்து பார்த்தாலும் இதே எண்தான் வரும்.

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கைப்பேசிக்கும் அறைச் சுவரை நிறைக்கும் திரைக்கும் ஒரே கோப்பு போகும்போது, இரண்டில் கடுமையானதைத் தேர்ந்தெடுத்து அதற்காக மாதிரியை அமைப்பதே பாதுகாப்பானது.

படி 2: பின்புல ஒளிர்வு

19ஆம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் வெபர் கண்டறிந்து, குஸ்தாவ் ஃபெக்னர் 1860இல் முறைப்படுத்திய விதியின்படி, நாம் உணரக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு பின்புல அளவுக்கு ஏற்ற விகிதத்தில் கூடும். வெளிச்சமான சுவரில் தெரியாத மாசு மங்கலான சுவரில் தெரியும். ஆனால் காணொளியில் உள்ள எண்கள் நேரடி ஒளி அளவுகள் அல்ல. காமா வளைவின் வழியாக முன்பே கண்ணுக்கு ஏற்ப வளைக்கப்பட்டவை. எனவே விதியை அப்படியே 0 முதல் 255 வரையிலான எண்களின் மீது போடக் கூடாது.

சௌ, லீ ஆகிய இருவரும் 1995இல் வெளியிட்ட மாதிரி இந்த எண்களின் மீதே கட்டப்பட்டது. பின்புலத்தின் சராசரி 127 ஆக இருக்கும்போது, பிழை கண்ணுக்குத் தென்படத் தொடங்கும் மதிப்பு 3 என்று அது கொள்கிறது. இந்த மதிப்பை இனிப் புலப்பாட்டு எல்லை என்று குறிப்பிடுகிறேன். வெண்மையை நோக்கிப் போகப் போக அது நேர்கோட்டில் ஏறி 255இல் 6 ஆகிறது. இருளை நோக்கிப் போகும்போது வர்க்கமூல வேகத்தில் ஏறி, 32இல் ஏறத்தாழ 11.5 ஆகவும் முழுக் கருமையில் 20 ஆகவும் நிற்கிறது.

இருள் பக்கத்து எண்களை அப்படியே நம்பாதீர்கள் என்பது என் கருத்து. விளக்கணைத்த அறையில், கருமையை உண்மையிலேயே கருமையாகக் காட்டும் இன்றைய ஓஎல்இடி திரையில், 20 என்ற எல்லை மிகத் தாராளமானது; இரவுக் காட்சிகளின் மூலைகளில் சதுரம் சதுரமாகத் தெரியும் அழுக்குக்கு இந்தத் தாராளம் ஒரு காரணம். நான் இருள் பக்க உச்சத்தைப் பாதிக்கும் கீழே வெட்டிவிடுகிறேன். எச்.264 காணொளித் தரத்துக்கான எக்ஸ்264 என்கோடரில், கட்டத்துக்குக் கட்டம் குவாண்டைசேஷனை மாற்றும் ஏக்யூவின் மூன்றாவது முறையும் இருண்ட பகுதிகளுக்குக் கூடுதல் பிட்டுகளைத் திருப்புவதற்கென்றே சேர்க்கப்பட்டது.

படி 3: அதிர்வெண்ணுக்கு ஏற்ற உணர்திறன்

கண் எல்லா அளவுக் கோடுகளையும் சமமாகப் பார்ப்பதில்லை. மிக நுண்ணிய கோடுகளும் மிக அகன்ற ஏற்றத்தாழ்வுகளும் மங்கலாகவும், இடைப்பட்டவை கூர்மையாகவும் தெரிகின்றன. மனோஸ், சாக்ரிசன் ஆகியோர் 1974இல் தந்த வளைவு இன்றும் பயன்படுகிறது. அதன் சிகரம் பாகைக்கு 8 சுழற்சிகள் அருகே உள்ளது.

இதை என்கோடரின் உள்ளே இருக்கும் எண்களோடு பொருத்துவோம். 8 × 8 பிக்சல் கட்டத்தைப் பல அதிர்வெண் அலைகளாகப் பிரிக்கும் கொசைன் உருமாற்றத்தில், ஒவ்வோர் அலையின் வலிமையையும் சொல்லும் எண்ணே கெழு. ஒவ்வொரு கெழுவின் வரிசை எண்ணையும் 16 ஆல் வகுத்தால் அதன் அதிர்வெண் பிக்சலுக்கு இத்தனை சுழற்சி என்று கிடைக்கும், அதை 56.6 ஆல் பெருக்கினால் பாகைக்கு மாறிவிடும். முதல் கெழு 3.5 சுழற்சிகளில் விழுகிறது. அங்கே வளைவின் மதிப்பு 0.76. இரண்டாவது 7.1இல் விழுந்து 0.98 பெறுகிறது. நான்காவது 14.2இல் 0.78. ஏழாவது கெழு 24.8 சுழற்சிகளில் 0.32க்கு இறங்கிவிடுகிறது. இரு திசைகளிலும் ஏழாவதான மூலைக் கெழு 35 சுழற்சிகளில் 0.11 மட்டுமே, சாய்வான கோடுகளைக் கண் கிடைமட்ட, செங்குத்துக் கோடுகளைவிடக் குறைவாகவே உணரும் என்பதால் உண்மையில் அதற்கும் கீழே. இந்த மதிப்புகளின் தலைகீழ்தான் ஒவ்வொரு கெழுவுக்கும் நீங்கள் அனுமதிக்கக்கூடிய ஒப்பீட்டுப் பிழை. 1992இன் ஜேபெக் தரத்தில் மாதிரியாகத் தரப்பட்ட ஒளிர்வு அட்டவணை 16இல் தொடங்கி எதிர்மூலையில் 99இல் முடிவதும் இதே காரணத்தால்தான்.

வளைவின் இடப்பக்கச் சரிவை மட்டும் நம்ப வேண்டாம். பார்ப்பவர் சற்றுப் பின்னால் நகர்ந்தால் குறைந்த அதிர்வெண் யாவும் சிகரத்தை நோக்கி ஏறிவிடும். சிகரத்துக்கு இடப்புறம் வளைவை 1 என்று தட்டையாக்கிவிடுவதே வழக்கம்.

நிறத்துக்கான உணர்திறன் இதைவிடச் சீக்கிரம் தேய்ந்துவிடுவதால், 4:2:0 முறையில் ஒவ்வொரு நிறத் தளத்தையும் கால் பங்காகக் குறைத்துப் பிக்சலுக்கு மூன்று எண்களுக்குப் பதில் ஒன்றரை எண்களோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு மேல் நிறத்தில் மிச்சம் பிடிக்க முயல்வது பெரும்பாலும் பயன் தருவதில்லை. அடர் சிவப்பு விளிம்புகளில் உடனே தெரிந்துவிடும்.

படி 4: மறைப்பு, அதில் உள்ள பொறி

புல்லில் இரைச்சல் ஒளிந்துகொள்வதற்குக் காரணம் மறைப்பு: ஒரே இடத்தில், ஒரே அளவு அதிர்வெண்ணில் ஏற்கெனவே வலுவான ஏற்றத்தாழ்வு இருந்தால், அதன் மீது சேரும் சிறு ஏற்றத்தாழ்வு தெரிவதில்லை. ஆண்ட்ரூ வாட்சன் 1990களின் தொடக்கத்தில் தந்த மாதிரியில், கெழுவின் மதிப்பு அதன் அடிப்படை எல்லையைத் தாண்டிய பிறகு, புலப்பாட்டு எல்லை அந்த மதிப்பின் 0.7ஆம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது. அதாவது கெழு இரட்டித்தால் எல்லை ஏறத்தாழ 1.6 மடங்காகிறது.

எளிமையாகத் தொடங்க விரும்புபவர், 16 × 16 கட்டத்தில் பிக்சல்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் விலக்க வர்க்கச் சராசரியை எடுத்துக்கொண்டு, அது அதிகமுள்ள கட்டங்களுக்கு அதிகப் பிழையை அனுமதிக்கலாம். எக்ஸ்264இன் ஏக்யூ செய்வதும் அடிப்படையில் இதுவே. இதில்தான் பொறி இருக்கிறது. வெள்ளைச் சுவரின் மீது கறுப்பு எழுத்து உள்ள கட்டத்திலும் விலக்க வர்க்கச் சராசரி மிக அதிகம். ஆனால் அங்கே மறைப்பு கிடையாது. எழுத்தின் ஓரத்தை ஒட்டி வெறும் வெண்மை இருப்பதால், விளிம்பைச் சுற்றி அலையலையாகப் பரவும் பிழை அப்பட்டமாகத் தெரியும். என் முதல் மாதிரி இங்கேதான் விழுந்தது: காடும் நீரும் அற்புதமாக வந்திருந்தன, கீழே ஓடிய உரைவரிகளைச் சுற்றிலும் ஈக்கள் மொய்ப்பது போல ஒரு படபடப்பு.

தீர்வு எளியது. அந்த 16 × 16 கட்டத்தை நான்கு 8 × 8 கட்டங்களாகப் பிரித்து, நான்கிலும் தனித்தனியே கணக்கிட்டு, மிகக் குறைந்ததையே முழுக் கட்டத்தின் மதிப்பாகக் கொள்ளுங்கள். புல்லில் நான்கும் உயர்ந்திருக்கும். எழுத்தின் ஓரத்தில் ஒன்றாவது பூச்சியத்துக்கு அருகில் நிற்கும். எழுத்து மிகச் சிறியதாகி நான்கிலும் பரவிவிட்டால் இந்த உத்தி ஏமாறும். அந்த இடங்களுக்கு விளிம்பு கண்டறியும் வழிமுறை ஒன்றைத் தனியே சேர்க்க வேண்டும். மனித முகம் இன்னொரு விதிவிலக்கு. தோல் சற்றே சொரசொரப்பாக இருப்பதால் கணக்கு அதை மறைப்புள்ள பகுதி என்று கருதக்கூடும். ஆனால் பார்ப்பவரின் கண் அங்கேயே நிலைத்திருக்கிறது.

படி 5: எல்லைகளை இணைத்துப் படி அளவாக மாற்றுதல்

ஒளிர்வினால் கிடைத்த எல்லையையும் மறைப்பினால் கிடைத்த எல்லையையும் வெறுமனே கூட்டினால் அளவு மிகும். பெரியதை மட்டும் எடுத்தால் குறையும். யாங் குழுவினர் 2005இல் முன்வைத்த இணைப்பு முறையில், இரண்டையும் கூட்டி, சிறியதன் 0.3 பங்கைக் கழிக்க வேண்டும். 6உம் 8உம் கிடைத்திருந்தால் 14இலிருந்து 1.8 போக 12.2.

குவாண்டைசேஷனில் அதிகபட்சப் பிழை படி அளவின் பாதி என்பதால், எல்லையின் இரு மடங்கே அனுமதிக்கத்தக்க படி அளவு. எச்.264 தரத்தில் படி அளவைத் தீர்மானிக்கும் எண் க்யூபி. அது 4 ஆக இருக்கும்போது படி அளவு 1. க்யூபியின் ஒவ்வொரு ஆறு எண்ணுக்கும் படி அளவு இரட்டிக்கும். 10இல் 2, 16இல் 4, 22இல் 8, 28இல் 16. ஆகவே ஒரு கட்டத்தின் எல்லை படத்தின் சராசரி எல்லையைப் போல் எத்தனை மடங்கோ, 2ஐ அடிமானமாகக் கொண்ட அதன் மடக்கையை ஆறால் பெருக்கினால் அந்தக் கட்டத்துக்கான க்யூபி மாற்றம் கிடைக்கும்.

இங்கே கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு பகுதியின் திட்ட விலக்கம், அதாவது விலக்க வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம், இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லையும் நேர்விகிதத்தில் கூடுமானால் க்யூபி 6 கூட வேண்டும். வாட்சனின் 0.7 அடுக்கின்படி 4.2 கூடும். எக்ஸ்264இன் முதல் ஏக்யூ முறை, வலிமை 1 என்ற இயல்பு அமைப்பில், ஏறத்தாழ 2 மட்டுமே கூட்டுகிறது. எல்லைக்கு வெகு மேலே இரைச்சல் இருக்கும் குறைந்த பிட்ரேட்டில் மறைப்பு மாதிரிகள் தளர்ந்துவிடுவதால் இந்தத் தயக்கம் நியாயமானதே; புல்லுக்கு 6 எண்கள் ஏற்றினால் இரைச்சல் மறையும், கூடவே புல்லும் மறைந்து பச்சைக் குழம்பாகிவிடும். 2இல் தொடங்கி, கண்ணால் பார்த்துப் பார்த்து உயர்த்துங்கள்.

படி 6: காலம்

ஓடும் பொருளின் மீது எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் தெரியாது என்ற நம்பிக்கை பரவலானது, பாதி தவறானது. 1920 பிக்சல் அகலத் திரையை ஒரு பொருள் நான்கு நொடிகளில் கடக்கிறது என்றால் அதன் வேகம் நொடிக்கு 480 பிக்சல்கள். நம் கணக்கில் நொடிக்கு 8.5 பாகை. அதன் மேல் பாகைக்கு 10 சுழற்சிகள் கொண்ட கோடுகள் இருந்து, கண்ணும் ஒரே இடத்தில் நிலைத்திருந்தால், விழித்திரையில் நொடிக்கு 85 மினுக்கல்கள் விழும். அவை கலந்துபோய் எதுவும் தெரியாது. ஆனால் கண் நிலைத்திருப்பதில்லை, பொருளைப் பின்தொடர்கிறது. ஸ்காட் டேலியின் மாதிரிப்படி, கண்ணின் வேகம் பொருளின் வேகத்தில் 0.82 பங்கோடு 0.15 பாகையைக் கூட்டியது. அதன் உச்ச வரம்பு நொடிக்கு 80 பாகை. நம் பொருளுக்கு அது 7.1 பாகை. விழித்திரையில் எஞ்சும் நழுவல் 1.4 பாகை மட்டுமே; அதே கோடுகள் இப்போது நொடிக்கு 14 மினுக்கல்களாகத் தெளிவாகத் தெரிகின்றன.

ஆகவே இயக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். கண் பின்தொடரக்கூடிய, ஒரே சீராக நகரும் பொருளுக்கும் கேமரா மெல்லத் திரும்பும் காட்சிக்கும் எந்தச் சலுகையும் தராதீர்கள். பல திசைகளில் சிதறும் நீர்த்துளிகள், கலைந்தோடும் கூட்டம், தீப்பிழம்பு ஆகியவற்றைக் கண் எட்டிப் பிடிக்க முடியாது. அங்கே தாராளமாக இரைச்சலை வையுங்கள். ஒவ்வொரு கட்டமும் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்பவை இயக்கத் திசையன்கள். அண்டைக் கட்டங்களில் அவை ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் பார்த்தே இந்தப் பிரிவைச் செய்துவிடலாம். அத்திசையன்கள் என்கோடரிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

இரைச்சலே நகராமல் நிற்பது இன்னொரு சிக்கல். கேமரா மெல்ல நகரும்போது புல்வெளி நகர்கிறது. ஆனால் பிட் குறைந்த கட்டங்களின் பிழை திரையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போன்ற தோற்றம் வரும். இதற்கு நேரெதிரானது துடிப்பு: எக்ஸ்264இன் இயல்பு அமைப்பில் அதிகபட்சம் 250 பிரேம்களுக்கு ஒருமுறை முழுமையான முக்கிய பிரேம் வரும், அந்தக் கணத்தில் புல்லின் அமைப்பு சட்டென மாறி, படம் ஒருமுறை மூச்செறிவது போலிருக்கும். பிரேமைத் தனித்தனியே நிறுத்திப் பார்த்தால் இரண்டு பிழைகளுமே தெரியா.

காட்சி வெட்டுக்குப் பிந்தைய சில கணங்களில் கண் நுணுக்கங்களைக் காண்பதில்லை என்பதை செய்லர், புட்ரிகிஸ் ஆகியோர் 1965இலேயே காட்டினர். அதனால் வெட்டுக்குப் பின்வரும் முதல் பிரேமைக் கரடுமுரடாக விட்டுவிடலாம் என்று தோன்றும், விடாதீர்கள். அடுத்து வரும் பிரேம்கள் யாவும் அதிலிருந்தே ஊகிக்கப்படுவதால், அங்கே மிச்சம் பிடித்த பிட்டுகளைப் பின்னால் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். வெட்டுக்கு முந்தைய கடைசி ஓரிரு பிரேம்களே உகந்த இடம்: வெட்டுக்குப் பின் வரும் பிரேம்கள் அவற்றைச் சார்ந்திருப்பதில்லை, உடனே வரும் புதிய காட்சி அவற்றின் நினைவையும் அமுக்கிவிடுகிறது.

படி 7: மறைக்க இடமே இல்லாத வானம்

மறைப்பு இல்லாத மென்மையான சாய்வுகளில் பிழை பட்டைகளாகத் தெரிகிறது. அண்டைப் பட்டைகளின் எல்லையில் ஏற்படும் வேறுபாட்டைக் கண் தானாகவே மிகைப்படுத்திக் காட்டும் என்பதை எர்ன்ஸ்ட் மாஹ் 1865இல் விளக்கினார். அதனால் ஒரே ஒரு எண் வேறுபாடுகூட அகன்ற வானத்தில் கோடாகத் தெரியலாம். இங்கே இரைச்சலை மறைக்க இரைச்சலையே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பிக்சல் எண்ணையும் 10 பிட்டிலிருந்து 8 பிட்டுக்கு இறக்குவதற்கு முன் மிகச் சிறிய தற்செயல் ஏற்றத்தாழ்வைச் சேர்ப்பதே டிதர். லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962இலேயே தொலைக்காட்சிப் படங்களுக்கு இந்த உத்தியைக் காட்டினார். அந்த ஏற்றத்தாழ்வின் ஆற்றலை உயர் அதிர்வெண்களுக்குத் தள்ளிவிட்டால், மூன்றாம் படியில் பார்த்த வளைவின் தேய்ந்த முனையில் அது ஒளிந்துகொள்ளும்.

ஆனால் டிதர் செய்த கோப்பை 8 பிட்டில் சுருக்கும்போது அது உயிர்தப்புமா என்று பாருங்கள். க்யூபி 22இல் படி அளவு 8. ஒன்றிரண்டு எண்கள் அளவே உள்ள டிதர் அங்கே துடைத்தெறியப்பட்டு, பட்டைகள் மீண்டும் வந்து நிற்கும். டிதரைத் திரையில் காட்டும் கடைசிக் கட்டத்துக்கு விட்டுவிட்டு 10 பிட்டிலேயே சுருக்குவதுதான் நல்ல வழி.

பிலிமில் எடுத்த படத்தில் தெரியும் நுண்துகள்களான பிலிம் கிரெய்னுக்கும் இதே தர்க்கம். 2018இல் வெளிவந்த ஏவி1 தரத்தில், என்கோடர் துகள்களை நீக்கிவிட்டு, அவற்றின் தன்மையை விவரிக்கும் சில கெழுக்களையும், ஒளிர்வுக்கு ஏற்ப அவற்றின் வலிமை எப்படி மாறுகிறது என்ற வளைவையும் மட்டும் அனுப்பலாம். டிகோடர் புதிய துகள்களைத் தானே உண்டாக்கிப் படத்தின் மீது தூவிவிடும். மூலத் துகளும் புதிய துகளும் பிக்சலுக்குப் பிக்சல் ஒத்துப்போகா. கண்ணுக்கு அது பொருட்டே இல்லை; பிஎஸ்என்ஆர் மட்டும் சரிந்துவிடும்.

படி 8: மாதிரியைச் சோதித்தல்

என்கோடரோடு இணைப்பதற்கு முன் மாதிரியைத் தனியே சோதியுங்கள். நீங்கள் கணக்கிட்ட எல்லை வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு பிக்சலிலும் அந்த எல்லையைத் தற்செயலாகக் கூட்டவோ கழிக்கவோ செய்யுங்கள். பிறகு முழுப் படத்துக்கும் சமமாகப் பரப்பிய இரைச்சலோடு இன்னொரு பிரதியைச் செய்து, இரண்டின் பிஎஸ்என்ஆரும் ஒன்றாகும்படி அளவைத் திருத்துங்கள். 5 எண்கள் திட்ட விலக்கம் கொண்ட இரைச்சலுக்கு 34.15 டெசிபல் வரும். அது நல்ல தொடக்கப் புள்ளி. உங்கள் பிரதி தெளிவாக மேம்பட்டுத் தெரியாவிட்டால் மாதிரியில் பிழை இருக்கிறது என்று பொருள், மேலே போகாதீர்கள்.

2004இன் எஸ்எஸ்ஐஎம், நெட்ஃபிளிக்ஸ் 2016இல் வெளியிட்ட விமாஃப் ஆகிய அளவுகோல்கள் பிஎஸ்என்ஆரைவிடக் கண்ணுக்கு நெருக்கமானவை என்றாலும், தூவிய துகளுக்கும் வானத்துப் பட்டைகளுக்கும் அவற்றை நடுவராக வைக்க நான் துணியமாட்டேன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பிடி.500 பரிந்துரைப்படி குறைந்தது 15 பேரை அமர்த்தி, ‘தெரியவே இல்லை’ முதல் ‘மிகவும் தொந்தரவாக இருக்கிறது’ வரை ஐந்து நிலைகளில் மதிப்பிடச் சொல்வது முறையான வழி. அவ்வளவு பேர் கிடைக்காதபோது, மூலத்தையும் சுருக்கியதையும் மாற்றி மாற்றிக் காட்டி, எது மூலம் என்று ஒருவரைக் கட்டாயமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பாதி முறை சரியாகச் சொன்னால் அவர் ஊகிக்கிறார், இரைச்சல் மறைந்திருக்கிறது. நான்கில் மூன்று முறை சரியாகச் சொன்னால் எல்லையில் நிற்கிறீர்கள். காட்டும்போது படத்தை நிறுத்தாதீர்கள், பெரிதாக்காதீர்கள், முதல் படியில் நிர்ணயித்த தூரத்துக்கு முன்னால் நாற்காலியை நகர்த்தவும் விடாதீர்கள்.